ஒரு வீட்டுக்கு ஒரு கோயின்சான்

எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் எதையும் நேராகக் கேட்க மாட்டார்கள். கேட்டால்தானே முடியாது என்று சொல்ல முடியும். அவர்கள் செய்வதெல்லாம் ஒன்றுதான்: கூப்பிடும் விதத்தை மெல்ல மாற்றிவிடுவார்கள். ஒருநாள் பார்த்தால் நாம் வேறு ஆளாகியிருப்போம். சண்டை போடலாம் என்றால் எதிரில் ஆள் இருக்காது.

என் பெயர் தமாகி. கனஸாவா நகரத்தில் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடை வைத்திருக்கிறேன். நவோ என்கிற தோழியும் நானும் சேர்ந்து நடத்துவது. கல்யாணம் ஒன்று நடந்து, முடிந்து, அதிலிருந்து எழுந்து நின்று நானாக உண்டாக்கிக்கொண்ட ஒரே பொருள் அந்தக் கடைதான். நாய்கள் என்னை எந்தப் பெயரிலும் கூப்பிடுவதில்லை. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நான் பிறந்தது ஹிமி என்கிற சின்னப் பட்டணத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்த சரிவில் இருக்கும் ஒரு கோயில் வீட்டில். அப்பாதான் அந்தக் கோயிலின் பிக்கு. எங்கள் மரபில் பிக்குவுக்கு மொட்டையும் கிடையாது, துறவும் கிடையாது. மனைவி உண்டு, பிள்ளை உண்டு, பிள்ளைக்குத்தான் கோயில். செய்தித்தாளில் போட்டால் அப்பாவைத் தலைமைக் குரு என்று எழுதுவார்கள். ஊரில் போய்த் தலைமைக் குரு எங்கே என்று கேட்டால் யாரைத் தேடுகிறீர்கள் என்பார்கள். ஊருக்கு அவர் கோயின்சான்.

அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். 'இன்' என்றால் கோயிலோடு ஒட்டிய குடியிருப்பு, அவ்வளவுதான். அதற்கு முன்னால் 'கோ' என்று ஒரு மரியாதை, பின்னால் 'சான்' என்று ஒரு மரியாதை. 'வீடு அவர்களே' என்று கூப்பிடுவது போல. குரு என்றோ ஞானி என்றோ அதில் ஒரு பொருளும் கிடையாது. மனிதன் என்றுகூடக் கிடையாது. கூரைக்கும் சுவருக்கும் கும்பிடு போடுகிறார்கள், உள்ளே இருப்பவர் ஏன் என்று குரல் கொடுக்கிறார்.

ஒரு கோயிலுக்கு ஒரு கோயின்சான்தான் இருக்க முடியும். அடுத்து வரப்போகிற பிள்ளை 'சின்னவர்'. இடத்தை விட்டுக்கொடுத்தவர் 'பெரியவர்'. தாத்தா இறந்தபோது அப்பாவுக்கு இருபத்து நாலு வயது. சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் யாரோ அவரைக் கோயின்சான் என்று கூப்பிட்டுவிட்டார்களாம். அன்றிலிருந்து அம்மாகூட அவரை வேறு எப்படியும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

செப்டம்பரில் அப்பாவுக்கு வாதம் அடித்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நானும் வந்தேன். இரண்டு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று நவோவிடம் சொல்லியிருந்தேன்.

மறுநாள் கமிதே வந்தார். கோயிலைச் சேர்ந்த குடும்பங்களுக்கு அவர்தான் தலைவர், வலைக்காரர் சங்கத்துக்கும் அவர்தான். எழுபதைத் தாண்டியும் ரப்பர் பூட்ஸோடு படகில் ஏறுகிற மனிதர். ஒரு பை நிறைய முள்ளங்கியை வாசலில் வைத்தார். அப்பாவைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"கோயின்சான் மாசாமாசம் தவறாம வர்றவரு. இந்த மாசம் எங்க வீட்டுப் புத்தர் மாடம் அப்படியே கெடக்கு. சரி, என்ன பண்றது. மழை வரும்போல."

அவ்வளவுதான். போய்விட்டார். என்னைப் போகச் சொன்னாரா? இல்லை. கேட்டாரா? இல்லை. ஆனால் அன்று முழுக்க எனக்கு அந்த முள்ளங்கியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் இறந்துபோனவர்களின் தேதியில் மாதந்தோறும் கோயிலிலிருந்து ஒருவர் போய் அந்த வீட்டு மாடத்தின் முன் உட்கார்ந்து ஓதிவிட்டு வரவேண்டும். கதவு பூட்டியிருக்காது. யாரையும் கூப்பிடாமல் நேரே உள்ளே போய் ஓத ஆரம்பித்துவிடலாம். வீட்டுக்காரர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பின்னால் உட்காருவார்கள். எனக்கும் தம்பி ரியோகெய்க்கும் ஒன்பது வயதில் கியோத்தோவுக்குக் கூட்டிப்போய்ச் சடங்கு செய்துவைத்திருந்தார்கள், மிருகக்காட்சிசாலை காட்டுவதாக ஆசைகாட்டி. ஆகவே ஓதும் தகுதி எனக்கு இருந்தது. தகுதி இருந்து தொலைத்தது.

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னாள்.

"போகாதடி. ஒரு தடவை போனா முடிஞ்சுது கதை."

"ஒரு மாசம்தானேம்மா. ஓதுனா என்ன, தேய்ஞ்சா போயிடுவேன்?"

"தேயமாட்டே. ஒட்டிக்குவே."

அம்மா தோயாமாப் பட்டணத்தில் ஒரு துணிக்கடைக்காரரின் மகள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஊர் அவளைக் கோயிலம்மா என்றுதான் கூப்பிடுகிறது. அவளுக்கு ஃபுசாஎ என்று ஒரு பெயர் இருப்பது தபால்காரருக்குத் தெரிந்தால் உண்டு. அவள் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் யாரும் குறை சொல்லாமலே வீடுவீடாக ஒரு ஏக்கம் கிளம்பியது, கடைத்தெருவில் எல்லோரும் என்னைப் பார்த்து மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் சின்ன வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு, அப்பாவின் அங்கியை இடுப்பில் மடித்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் சுற்றில் நான் 'கோயில் வீட்டுத் தமா'. இரண்டாவது சுற்றில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் "சின்னவர் வந்திருக்காங்க, டீ போடு" என்று உள்ளே குரல் கொடுத்தாள். அது ரியோகெய்யின் பெயர். அவன் நாகோயாவில் கார் இருக்கை செய்யும் தொழிற்சாலைக்கு ஓடிப்போய் வருஷக்கணக்காகிறது. அவனுக்குப் போன் போட்டு, உன் பெயரை எனக்கு மாட்டிவிட்டார்கள், வந்து வாங்கிக்கொள் என்றேன். அவன் கொஞ்ச நேரம் சிரித்தான். பிறகு சொன்னான்:

"அக்கா, அந்த ஊர்ல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவன் ஒருத்தன் கெடையாது. பள்ளிக்கூடத்துல பந்து விளையாடும்போதுகூடச் சின்னவரே, பந்தைப் போடுங்கன்னுவாங்க. இங்க மேஸ்திரி என்னை மடையான்னு கூப்பிடறான். நிம்மதியா இருக்கேன். விட்டுடு."

விட்டுவிட்டேன். வேறு வழியில் தப்பிக்கப் பார்த்தேன். என்னிடம்தான் குறைகளுக்குப் பஞ்சமில்லையே. தலைமுடிக்குச் செம்பட்டைச் சாயம் பூசிக்கொண்டு போனேன். இளசுகளைக் கோயிலுக்கு இழுக்க இதுதான் வேண்டும் என்றார்கள். ஓதும்போது வேண்டுமென்றே இரண்டு வரியை விழுங்கினேன். உங்கள் அப்பாவும் ஆரம்பத்தில் அந்த இடத்தில்தான் விழுங்குவார் என்று கண் கலங்கினார்கள். புருஷனை விட்டவள் என்று நானே எடுத்துச் சொன்னேன். நல்லதாகப் போயிற்று, வேறு ஊருக்கு இழுக்க ஆள் இல்லை என்றார்கள். நாய்க்கு மயிர் வெட்டுகிற கை இது, இந்தக் கையால் உங்கள் மாடத்தைத் தொடலாமா என்று கமிதேயிடமே கேட்டேன். அவர் என் கையை ஒரு பார்வை பார்த்தார்.

"நாயைப் பிடிச்சு அசையாம உக்கார வைக்கத் தெரிஞ்ச கை. எங்க ஊர் ஆம்பளைங்களுக்கு அதுதான் வேணும், சின்னவரே."

பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் இவர்களிடம் உள்ள தொல்லை. கோபத்தைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ள விடமாட்டார்கள்.

நவம்பரில் எங்கள் மரபை உண்டாக்கியவரின் நினைவு நாள் பூசை. வருஷத்திலேயே பெரியது. முந்தின நாளே பெண்கள் வந்து சேப்பங்கிழங்கையும் சிவப்புப் பயறையும் பெரிய அண்டாவில் வேகவைத்தார்கள். ஊரே மண்டபத்தில் கூடியது. நடுவில் கோயின்சானின் இருக்கை. நான் அதில் உட்காரவில்லை. ஒரு திண்டை எடுத்துப்போய்ப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஓதினேன். முடிந்ததும் கமிதே ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"கோயின்சான் உள்ளதான் படுத்திருக்கார். ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான். நான் அப்பாவுக்கு உடம்பு தேறுற வரைக்கும் வந்தவ. வசந்தம் வந்தா கிளம்பிடுவேன்."

கமிதே தலையாட்டினார். அது நியாயம்தான் என்றார். மண்டபத்தில் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. எனக்குக் கால் தரையில் படவில்லை. இவர்களுடைய சட்டத்தை வைத்தே இவர்களைக் கட்டிவிட்டேன் என்று நினைத்தேன். அப்பா உயிரோடு இருந்து, தானாக விட்டுக்கொடுக்காதவரை அந்தச் சொல் அவருடையது. அவருடைய கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன் என்றே சொல்லலாம். அதில் எனக்கு வெட்கமில்லை. அன்று நவோவுக்குப் போன் செய்து, என் கத்தரிகளைச் சாணை பிடிக்கக் கொடுத்து வை என்றேன்.

டிசம்பரில் பூரி என்கிற பெரிய கடல் மீன் வர ஆரம்பித்தது. அந்த மாதத்தில் எங்கள் துறைமுகத்தில் நடக்க முடியாது. எங்கு பார்த்தாலும் பனிக்கட்டி, பெட்டி, கத்தல். ஒரு வீட்டில் ஓதிவிட்டு அங்கியோடு துறைமுகம் வழியாகக் குறுக்கே வந்துகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் பெட்டி தூக்கும் வண்டி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. காற்றின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை.

"கோயின்சான், பின்னால!"

திரும்பினேன். துள்ளி விலகினேன். வண்டி நான் நின்ற இடத்தின் மேல் ஏறி நின்றது. தமாகி என்று கூப்பிட்டிருந்தாலும் திரும்பியிருப்பேன், சின்னவர் என்று கூப்பிட்டிருந்தாலும் திரும்பியிருப்பேன், ஏய் என்றால்கூடத் திரும்பியிருப்பேன். ஆனால் கத்தியது கோயின்சான் என்று. திரும்பியது நான். அதைத் துறைமுகம் முழுக்கப் பார்த்தது. பிறகு எல்லோரும் வேலையைப் பார்க்கப் போனார்கள், ஏதோ ஒரு காரியம் முடிந்துவிட்டது போல.

மறுநாளிலிருந்து ஊரில் எனக்கு வேறு பெயர் கிடையாது. பெட்ரோல் போடும் பையன், மருந்துக்கடைப் பெண், பள்ளிக்கூடக் குழந்தைகள் எல்லோருக்கும் நான் கோயின்சான். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், என் பெயர் தமாகி, பேர் சொல்லுங்கள் என்று. சரிங்க கோயின்சான் என்றார்கள். பதில் சொல்லாமல் நடந்து பார்த்தேன். கோயின்சானுக்கு ஏதோ யோசனை என்று வழிவிட்டார்கள். அப்பாவும் அப்படித்தான் சிலநாள் பேசாமல் நடப்பாராம். எதைச் செய்தாலும் அது கோயின்சான் செய்ததாகிவிட்டது. காரில் ஏறிக் கண்ணாடியை மூடிக்கொண்டு கத்தினேன். வெளியே நின்ற இரண்டு பெண்கள், ஓதிப் பழகுகிறேன் என்று நினைத்துக் கைகூப்பினார்கள்.

வீட்டுக்குள் மட்டும் அந்தச் சொல் நுழையவில்லை. வீட்டில் அது அப்பாவிடம் இருந்தது. "கோயின்சான், கொஞ்சம் கையைத் தூக்குங்க," "கோயின்சான், வாயைத் தொறங்க" என்று அம்மா நாள் முழுக்க அவரோடு பேசிக்கொண்டிருப்பாள். நான் அடி, வாடி, போடி. அவள் என்னைத் திட்டும்போதெல்லாம் எனக்குக் குளிருக்கு இதமாக இருக்கும்.

ஜனவரி கடைசியில் நவோ போன் செய்தாள். அவள் மேல் தப்பில்லை, பாவம், ஒற்றையாளாக எத்தனை நாள் ஓட்டுவாள். மார்ச்சுக்குள் நான் வராவிட்டால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்றாள். நான் போனை வைத்ததும் அம்மா கேட்டாள், என்ன சொன்னாள் என்று. சொன்னேன்.

"அப்ப போ" என்றாள் அம்மா.

"நீங்க?"

"எங்களுக்கென்ன. ஹிமியில நகராட்சிக் குடியிருப்பு காலியா இருக்காம். நானும் கோயின்சானும் அங்க போயிடறோம். இந்தக் குளிர் கூடத்துல கெடந்து விறைக்கறதுக்கு அது மேல்."

அது அப்படித்தான். வீடு எங்களுடையது அல்ல, கோயிலுடையது. கோயின்சான் இல்லாத குடும்பத்துக்கு அங்கே இடமில்லை. வேறு ஊரிலிருந்து ஒருவர் தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வருவார், நாங்கள் சட்டி பானையோடு வெளியேறுவோம். யாரும் போ என்று சொல்ல மாட்டார்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டு, வாடகை வண்டி வேண்டுமானால் என் மச்சானிடம் இருக்கிறது என்பார்கள்.

மறுநாள் அம்மா பஸ் ஏறிப்போய் அந்தக் குடியிருப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். நானும் வருகிறேன் என்றேன், அப்பாவை யார் பார்ப்பது என்றாள். சாயங்காலத்துக்கு முன்பே திரும்பிவிட்டாள். கழுத்துத் துணியைக்கூட அவிழ்க்காமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சமையல் மேடை நல்ல உயரம் என்றாள். வெயில் வருமா என்று கேட்டேன். எதிரே ஒரு சுவர், வெள்ளையாக அடித்திருக்கிறார்கள், அதனால் வெளிச்சம்தான் என்றாள்.

"அப்பாவோட சக்கர நாற்காலி கதவுல நுழையுமா?"

அம்மா கையை விரித்து ஒரு அகலம் காட்டினாள். பிறகு தன் கையையே பார்த்துவிட்டு, அதைக் கொஞ்சம் குறுக்கினாள்.

"பழகிடும்" என்றாள்.

எனக்கு அழுகையாக வந்தது, அதைவிட ஆத்திரமாக வந்தது. இவளை இத்தனை வருஷம் ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். இப்போது அந்தச் சொல் படுத்துவிட்டதும் இவளுக்கு ஒரு வெள்ளைச் சுவர். நான் போனால் அவளுக்குச் சுவர், இருந்தால் எனக்கு. எங்கள் இரண்டு பேரில் யார் உள்ளே இருப்பது என்பதுதான் கேள்வி. அதையும் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. போகலாம் என்றுதான் அன்று படுக்கும்போதுகூட நினைத்திருந்தேன். அவள்தானே போ என்றாள்.

மறுநாள் காலையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்திருந்தோம். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அவருடைய கால்விரல் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். அது எனக்குக் கைவந்த வேலை, நாய்களைவிட அவர் அடங்கி இருப்பார். அம்மா தட்டில் டீ கொண்டுவந்தாள். தாழ்வான மேசையில், கூடத்தின் மேல்பக்கம் பார்த்து ஒரு கோப்பையை வைத்தாள். அது அப்பா உட்காரும் இடம். அவர் விழுந்ததிலிருந்து அங்கே யாரும் எதையும் வைத்ததில்லை.

"கோயின்சான், டீ ஆறுது. வந்து உக்காருங்க."

அப்பா வழக்கம்போலத் தலையைத் தூக்கினார். இடது கையைக் கட்டிலில் ஊன்றி எழப் பார்த்தார். அம்மா அவர் பக்கம் திரும்பினாள். அவள் முகம் சாதாரணமாகத்தான் இருந்தது.

"உங்களக் கூப்பிடல. அவங்களக் கூப்பிட்டேன்."

நகவெட்டி என் கையில் அப்படியே நின்றது. அவங்கள. பிறந்ததிலிருந்து அவள் என்னை 'டி' போடாமல் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அம்மா என்று கூப்பிடப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கோப்பையின் கைபடும் பக்கத்தை என் இடத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள், இத்தனை வருஷமாக அப்பாவுக்குச் செய்ததைப் போலவே.

அப்பாவைப் பார்த்தேன். காப்பாற்று என்று அவரிடம்தான் கேட்க இருந்தது. அவர் ஊன்றிய கையை எடுத்துவிட்டார். தலையணையில் மெல்லச் சாய்ந்தார். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அவருடைய முகத்தின் நல்ல பக்கம் தளர்ந்து, வாய் ஓரம் மேலே போனது. அப்பா சிரித்தார். இருபத்து நாலு வயதில் செருப்பைக் கழற்றுவதற்கு முன் தலையில் ஏற்றிய பாரத்தை இறக்கி வைத்தவர் அப்படித்தான் சிரிப்பார். நான் பிறந்ததிலிருந்து அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியைப் பார்த்ததில்லை. கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் குறட்டைகூட வந்தது.

நான் எழுந்து போய் அந்த இடத்தில் உட்கார்ந்தேன். அம்மா ஒரு அடி தள்ளி, கீழ்ப்பக்கம் உட்கார்ந்து, நான் முதலில் குடிப்பதற்காகக் காத்திருந்தாள்.